டிரில் நன்றாக வருகிறது, ஸ்பாரிங்கில் மட்டும் ஏன் அடி வாங்குகிறோம்? ஆர்னிஸ் பழகுபவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் கை நீளப் பிரம்பை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுற்றிவருவோம். வலை உலர்த்த வரும் பெரியவர் ஒருவர் முதல் வாரமே கேட்டார்: "என்ன தம்பி, சிலம்பமா? கம்பு பாதி உடைஞ்சு போச்சா?" பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலை, ஆர்னிஸ் என்று பேர், எஸ்க்ரிமா என்றும் சொல்வார்கள், கம்பே 28 அங்குலம்தான் என்று விளக்கினேன். காளி என்று மூன்றாவதாக ஒரு பேரும் உண்டு. நம் ஊரில் அதைச் சொன்னால் பேச்சு கோயிலுக்குப் போய்விடும் என்பதால் சொல்வதில்லை. 2009-இல் அந்த நாடு சட்டம் போட்டுத் தன் தேசிய விளையாட்டாகவும் தற்காப்புக் கலையாகவும் அறிவித்தது இதைத்தான்.

இந்தக் கலையில் டிரில் (முன்பே தெரிந்த வரிசையில் ஜோடியாக அடித்துத் தடுப்பது), காலடி, ஸ்பாரிங் (வரிசை இல்லாமல் ஒருவரோடொருவர் மோதிப் பார்ப்பது) என்று மூன்று வேலை. மூன்றுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்குபோட்டால் போதும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒன்றில் இருக்கும் கோளாறு அங்கே தெரியாது, இன்னொன்றில்தான் போய்க் காட்டும். கையில் அடி விழும், காரணம் காலில் இருக்கும். ஸ்பாரிங் சண்டையாக முடியும், காரணம் டிரில்லில் இருக்கும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் குழுவில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்கு முன் ஒரு சோதனை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில் மணலைப் பாருங்கள்

அலை வந்து போகும் ஈரமணலில் யாரும் மிதிக்காத ஓர் இடத்தைப் பிடியுங்கள். இரண்டு பேர் இரண்டு நிமிடம் லேசான ஸ்பாரிங் செய்யட்டும். முடிந்ததும் இருவரும் வெளியே வந்து தடத்தைப் பாருங்கள்.

எங்கள் தடம் முதல் தடவை ரயில் தண்டவாளம் போல இருந்தது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. பக்கவாட்டில் ஒரு அடிகூட இல்லை. அதற்கு முன்பு ஆறு மாதம் முக்கோணக் காலடி, அதாவது நேரே போகாமல் மூலைவாட்டில் கால் வைப்பது, பழகியிருந்தோம் என்பதுதான் வேடிக்கை.

தண்டவாளம் தெரிந்தால் காலடியும் கம்பும் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால் நின்று அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் டிரில் கொடுத்த பழக்கம். தடம் பெரிய வட்டமாக ஓடி, நடுவில் மணல் கலையாமலே இருந்தால் இருவரும் பயந்து எட்ட நிற்கிறீர்கள். அதற்குக் காரணம் முந்தைய வாரங்களின் ஸ்பாரிங்காக இருக்கும்.

புதுச்சேரி நண்பர்கள் லாஸ்பேட்டையிலும் உப்பளத்திலும் கெட்டித் தரையில் பழகுகிறார்கள். அங்கே தடம் விழாது. தரையில் கோலமாவைக் கோடாக இழுத்து, இரண்டு நிமிடம் கழித்து எந்தக் கோடு அழிந்திருக்கிறது என்று பாருங்கள். அலைபேசியில் படமும் எடுக்கலாம். ஆனால் படத்தில் கண் கம்பைத்தான் பார்க்கும். தடத்தில் கம்பு இல்லை என்பது அதன் வசதி.

டிரில் தேன் மாதிரி ஓடுகிறது, ஸ்பாரிங்கில் ஒன்றுமே வரவில்லை

அதிகம் பேருக்கு இருக்கும் நோய் இதுதான். ஆறு எண்ணிக்கைச் சும்பிராடாவை, அதாவது இருவரும் எண்ணிட்ட அடிகளை மாறி மாறி அடித்துத் தடுக்கும் டிரில்லை, மூடிய கண்ணோடு செய்வார்கள். இரட்டைக் கம்புச் சினாவாலி அழகாகச் சுழலும். பிலிப்பைன்ஸில் வீட்டுச் சுவருக்கு மூங்கில் பட்டையில் முடையும் தட்டிக்குச் சவாலி என்று பேர், சினாவாலி அதிலிருந்து வந்த சொல். நாம் கீற்று முடைவதைப் பார்த்தவர்களுக்குக் கையின் போக்கு உடனே பிடிபடும். அப்புறம் ஸ்பாரிங் என்று சொன்னதும் இரண்டு பேரும் பொங்கல் உறியடி ஆடுவது போலக் கண்டபடி வீசுவார்கள்.

காரணம் சிக்கலானது இல்லை. டிரில்லில் அடுத்த அடி எங்கே வரும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தூரம் மாறாது, தாளம் மாறாது. மணிக்கட்டு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை டிரில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். எப்போது போக வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து போக வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காது. அதற்காக டிரில்லே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாய்ப்பாடு தெரிந்தவனுக்குக் கணக்கு வராமல் போகலாம். வாய்ப்பாடே தெரியாதவன் கணக்கில் உட்காரவே முடியாது.

ஸ்பாரிங்கைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பாரிங் வைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அது. எல்லோரும் அடி தாங்கப் பழகினார்கள், அடிக்கப் பழகவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்த இரண்டு தம்பிகள் வராமலே போய்விட்டார்கள். சரி என்று பழைய சும்பிராடாவுக்கே திரும்பி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க ஆரம்பித்தோம்.

முதலில், அடி கொடுப்பவர் ஏதாவது ஓர் எண்ணை இரண்டு தடவை அடிக்கலாம் என்று விதி. மூன்றாம் அடிக்குப் பிறகு மறுபடி மூன்றாம் அடியே வரும். எந்த இடத்தில் என்று சொல்லக் கூடாது. மெதுவாகத்தான், பாதி வேகத்தில்தான். இதிலேயே பாதிப் பேருக்குத் தடுப்பு தப்பான பக்கம் போகும். கை மனப்பாடம் செய்திருக்கிறது, கண் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அது பழகியதும், அடி கொடுப்பவர் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தலாம். அடி வராமலே உங்கள் கை தடுக்கப் போனால் நீங்கள் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் மிருதங்கம் படித்த ஒருவர் இதில்தான் அதிகம் திணறினார். பாவம், அவருக்குத் தாளத்தை விடவே முடியவில்லை.

மூன்றாவதாகத் தூரம். அடி கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் ஒரு எட்டு பின்னால் போகலாம். எதிரில் இருப்பவர் கால் எடுத்து வைத்தால்தான் கம்பு எட்டும். நின்ற இடத்திலிருந்தே எட்டிக் குனிந்து அடித்தால் அந்த அடி கணக்கில் இல்லை. லார்கோ, மெடியோ, கோர்ட்டோ என்று மூன்று தூரங்களைப் புத்தகம் போல ஒப்பிப்பதைவிட இந்த ஒரு விதி அதிகம் கற்றுக்கொடுக்கும். கம்பு நுனி எதிராளியின் கையை மட்டும் தொடுவது லார்கோ. உங்கள் இடது கை அவர் கம்புக் கையை எட்டிப் பிடிப்பது மெடியோ. முழங்கையும் கம்பின் அடிக்கட்டையும் எட்டுவது கோர்ட்டோ.

கடைசியாக, இருவரில் யார் வேண்டுமானாலும் "விடு" என்று சொல்லி மூன்று நொடி சுதந்திரமாக அடிக்கலாம். மூன்று நொடி முடிந்ததும் மறுபடி டிரில்லுக்குள் வந்துவிட வேண்டும். உள்ளே வருவதுதான் கஷ்டம். படபடப்பில் இருக்கும் கையை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். இந்த நான்கு படிகளுக்கு எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. நடுவில் ஒரு படியை அவசரமாகத் தாண்டினோம். அது எந்தப் படி என்று ஸ்பாரிங்கில் உடனே தெரிந்துவிட்டது.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை. செபு நகரத்தின் பாலின்டவாக் முறையில், அடிப்படை முடிந்ததும் ஆசிரியர் கிட்ட நின்று எந்த அடி வரும் என்று தெரியாதபடி கொடுத்துக்கொண்டே இருப்பார். மாணவர் கண்டு தடுக்க வேண்டும். டிரில்லுக்கும் சண்டைக்கும் நடுவே ஒரு பாலம் அங்கே முறையிலேயே இருக்கிறது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுகிறது

நான் அடித்தேன், அவரும் அடித்தார். யாருக்குப் புள்ளி என்று சண்டை. "நான்தான்ணா முதல்ல!" என்று இருவருமே சொல்வார்கள். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மணலில் தண்டவாளம் பார்த்தீர்களே, அதன் பலன் இது. நேர்க்கோட்டில் உள்ளே போனால் உங்கள் கம்பு எட்டும் தூரத்துக்கு அவர் கம்பும் எட்டும். முக்கோணக் காலடி இதற்காகத்தான் இருக்கிறது. மணலில் காலால் ஒரு ஆங்கில 'வி' எழுத்துப் போடுங்கள், வாய் எதிராளியைப் பார்த்து இருக்கட்டும். கீழ் நுனியில் நின்று, அடிக்கும்போது ஏதாவது ஒரு கொம்புக்குப் போக வேண்டும். உள்ளேயும் போகிறீர்கள், அவருடைய கோட்டிலிருந்தும் விலகுகிறீர்கள்.

இது எல்லோருக்கும் தெரியும். தனியாகச் செய்யச் சொன்னால் செய்வார்கள். கம்பு அசைந்ததும் கால் மறந்துவிடும். காரணம், காலைத் தனியாகவும் கையைத் தனியாகவும் பழகியதுதான். எங்களுக்கு உதவியது ஒரு விதி: ஸ்பாரிங்கில் அடித்தவர், வாய்விட்டு "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் திருப்பி அடி வாங்கினால் அவர் புள்ளி செல்லாது. ஒரே விதிதான். இரண்டாவது வாரமே ஆட்கள் அடித்த கையோடு பக்கத்தில் நழுவ ஆரம்பித்தார்கள். காலை இப்படி வை, அப்படி வை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படியும் மாறவில்லை என்றால் காலைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். கால் தரையில் பதிந்த பிறகே அடி. மெதுவாக, முட்டாள்தனமாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக.

எப்போதும் விரலிலும் முட்டியிலுமே அடி விழுகிறது

இது தற்செயல் இல்லை. இந்தக் கலையில் கையே முதல் இலக்கு. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று அவர்களே சொல்வார்கள். ஆயுதம் பிடித்த கை போனால் மீதி எல்லாம் எளிது. அதனால் உங்கள் ஜோடி உங்கள் கையை அடித்தால் அவர் சரியாக விளையாடுகிறார்.

உங்கள் பக்கம் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, காத்திருக்கும்போது கம்புக் கை உடலைவிட்டு ஒரு முழம் முன்னால் நீண்டிருக்கிறதா? பின்னால் இழுங்கள், கம்பின் நுனி மட்டும் முன்னால் இருக்கட்டும். இரண்டு, அடித்து முடித்த பிறகு கை இடுப்புக்குக் கீழே தொங்கி, அங்கேயே ஒரு கணம் நிற்கிறதா? டிரில்லில் ஜோடி உங்கள் கையைத் திருப்பி அடிக்காததால் வந்த சோம்பேறித்தனம் அது. வாரம் ஒரு தடவை, டிரில்லின் நடுவே கை தொங்கினால் ஜோடி லேசாகத் தட்டட்டும்.

கையுறை வாங்கினால் வலி போகும், பிழை போகாது. கிரிக்கெட் பேட்டிங் கையுறை நம் ஊரில் எல்லா விளையாட்டுக் கடையிலும் கிடைக்கிறது, விரலின் மேல்பக்கத்தை நன்றாகக் காக்கும். ஆனால் கட்டைவிரலைச் சரிபார்த்து வாங்குங்கள். எங்கள் குழுவில் நகம் கறுத்தவர்கள் எல்லோருக்கும் கட்டைவிரல்தான்.

ஸ்பாரிங்கில் இரண்டே அடிதான் வருகிறது

வலது பொட்டில் ஒன்று, இடது பொட்டில் ஒன்று. பன்னிரண்டு கோணத்தில் அடிக்கப் படித்தவர் இரண்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். ஸ்பாரிங் அதிகமாகிவிட்டது என்பதன் அடையாளம் இது. பதற்றத்தில் கை தனக்கு நன்றாகத் தெரிந்ததையே தேடும். ஒரு மாதத்துக்கு ஸ்பாரிங்கைக் குறையுங்கள். நடக்கும் ரவுண்டுகளில் விலங்கு போடுங்கள்: இந்த ரவுண்டில் தலைக்கு மேல் அடி கிடையாது, அடுத்ததில் கீழிருந்து மேலே மட்டும், அதற்கடுத்ததில் ஒருவருக்குக் கை மட்டுமே இலக்கு. தோற்பார்கள், பரவாயில்லை.

ஃபோம் கம்பில் புலி, பிரம்பில் பூனை

ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைப் பிரம்பின் மேல் போட்டு டேப் சுற்றினால் பயிற்சிக் கம்பு தயார். மலிவு, பத்திரம். கெடுதலும் அதுவே. வலிக்காததால் யாரும் தடுப்பதில்லை. நான் நான்கு வாங்கினால் என்ன, நீ ஐந்து வாங்கு என்று கணக்கு ஓடும். போதாததற்கு, நிஜப் பிரம்பில் கொசு கடித்த மாதிரி இருக்கும் ஒரு விரல் சுண்டல், ஃபோமில் புள்ளியாகிவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஃபோம் இல்லாத பிரம்பு, கால்வாசி வேகம், முகமூடி கட்டாயம் என்று வைத்தோம். மரியாதை தானாக வந்தது. அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் தொடங்கிய டாக் பிரதர்ஸ் குழுவினர் உறையில்லாத பிரம்பில் முழு வேகத்தில் மோதுவார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறே கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. வேண்டாம். கால்வாசி வேகமே நமக்குப் போதும்.

வாள்சண்டை விளையாட்டின் கம்பிவலை முகமூடி முகத்தைக் காக்கும், பின்மண்டையைக் காக்காது. பின்னால் தனியாகத் திண்டு தைத்துப் போடுங்கள். தலையில் அடிபட்டவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, மங்கல் பார்வை எது வந்தாலும் அன்றைய பயிற்சி அவருக்கு முடிந்தது. வீட்டுக்கு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

கம்பு மூங்கிலாக இருக்க வேண்டாம். மூங்கில் பிளந்தால் கத்தி போல நிற்கும். பிரம்பு நார் நாராகப் பிரியும், தெரிந்துவிடும். பிரம்பு நாற்காலி பின்னுபவர்களிடம் ஒரு அங்குலப் பருமன் கேட்டு வாங்கி, அக்குளிலிருந்து விரல் நுனிவரை அளந்து வெட்டிக்கொள்ளலாம்.

சிலம்பத்திலிருந்து வந்தவர் கிட்டத்தில் திணறுகிறார்

சிலம்பம் பழகியவர்களின் காலடி பார்க்கவே அழகு, எங்களில் பலருக்கு அவர்களே ஆசான். நெற்றி உயரக் கம்பை இரண்டு கையால் சுழற்றியவர்களுக்கு லார்கோ தூரம் சொந்த வீடு. எதிராளி அதைத் தாண்டி உள்ளே வந்ததும் தடுமாறுவார்கள். எட்டு பெரிதாக வைத்துப் பின்னால் போவார்கள், அல்லது கம்பைச் சுழற்றிக்கொண்டே நிற்பார்கள்.

பார்க்க வேண்டியது இடது கையை. அது சும்மா தொங்குகிறதா? முதுகுக்குப் பின்னால் போகிறதா? ஆர்னிஸில் அந்த வெறுங்கைதான் எதிராளியின் கம்புக் கையைத் தட்டும், பிடிக்கும், அழுத்தும். இதற்கு மருந்து ஹுபுட்-லுபுட். கட்டுவது, அவிழ்ப்பது என்று பொருள். கிட்ட நின்று, வரும் கையைத் தடுத்து, தள்ளி, அழுத்தி, திருப்பி அடிக்கும் சுற்று. கம்பில்லாமல் தினம் ஐந்து நிமிடம். இடது கையில் ஒரு துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு செய்தால் அந்தக் கை இருப்பது மறக்காது. எங்களோடு வரும் உடற்கல்வி ஆசிரியை அக்கா சொன்ன உத்தி இது. மூன்றே வாரத்தில் அவரே எங்களைக் கிட்டத்தில் மடக்க ஆரம்பித்தார்.

ஒருத்தர் மட்டும் தொடர்ந்து அடி வாங்குகிறார்

ஆளை மாற்றாமல் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்துதான் வரும். ஆறரை மணிக்குக் கிழக்கே பார்த்து நிற்பவருக்குக் கம்பே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வெட்கப்படும் அளவுக்கு வாரங்கள் ஆயின. ரவுண்டுக்கு ரவுண்டு பக்கம் மாறுங்கள்.

முழங்கை வலி

கம்பு கனம், பிடி இறுக்கம், இரண்டில் ஒன்று. பிடியில் கடைசி மூன்று விரல் வேலை செய்ய வேண்டும், ஆட்காட்டி விரல் சும்மா ஒட்டியிருக்க வேண்டும். டயரை அடித்துப் பழகுபவர்களுக்கு இது அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபி பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் எல்லாம் மறந்துபோகிறது

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையை மறந்துவிட வேண்டியதுதான். ஸ்பாரிங்கும் போய்விடும், டிரில் மட்டும் வீட்டில் நடக்கும். தையில் திரும்பி வரும்போது மறுபடி குழி விழுந்த தடம். நாங்கள் இப்போது கூரை போட்ட ஒரு மொட்டைமாடியைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். மழை மாதங்களில் கம்பைக் குறைத்து காலடிக்குப் பாதி நேரம், மீதியில் உடைத்த சும்பிராடா. இடம் சிறியது என்பதால் நீளமாக ஓட வழியில்லை, முக்கோணம்தான் ஒரே வழி. ஒருவகையில் கடற்கரையைவிட அங்கேதான் கால் சீக்கிரம் திருந்தியது. தரை ஈரமாக இருந்தால் கோலமாவு போடாதீர்கள், சறுக்கும். முடிந்ததும் துடைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் மாடிச் சாவி கிடைக்காது.